தெரிந்த குறைகள் – தொழிற்சாலை ரவுட்டர்களின் மென்பொருள் வரலாறு

காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம் செல்லும் வழியில் திருமலைராயன்பட்டினம் வரும். அதை ஒட்டிய ஊர் போலகம். புதுச்சேரி மின்திறல் கழகத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. நரிமணம் பகுதிக் கிணறுகளில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து ஒரு டர்பைன் சுழலும். அதிலிருந்து வெளியேறும் சூடான புகையை வீணாக்காமல் கொதிகலனுக்குள் விட்டு, அந்த நீராவியில் இன்னொரு டர்பைன் சுழலும். எரிவாயு டர்பைனில் 22.9 மெகாவாட், நீராவி டர்பைனில் 9.6 மெகாவாட். நிலையம் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது.

இந்த 2000 என்ற ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மின் கட்டணம் நிர்ணயிக்கும் மத்திய ஆணையத்தின் விதிமுறைகளில் எரிவாயு மின் நிலையத்தின் ஆயுள் 25 ஆண்டுகள் என்று கணக்கிடுவார்கள். ஆனால் 2000 ஜனவரியில் கடைகளில் விற்ற கணினிகளில் இருந்தது 'விண்டோஸ் 98'. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. டர்பைனுக்கு 25 வயது, மென்பொருளுக்கு 8 வயது! இந்த இரண்டு ஆயுள்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெட்டியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

அது என்ன பெட்டி?

வீட்டில் இன்டர்நெட்டுக்கு வைத்திருக்கும் ரவுட்டர் (திசைவி) எல்லோருக்கும் தெரியும். ஒரு வலைப்பின்னலில் இருந்து வரும் தகவல் பொட்டலங்களைப் பார்த்து, எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி காட்டும் கருவி. தொழிற்சாலை ரவுட்டர் செய்வதும் அதே வேலைதான். ஆனால் அது இருக்கும் இடம் வேறு. துணை மின் நிலையத்தின் இரும்பு அலமாரிக்குள், எண்ணெய்க் கிணற்றின் ஓரத்தில், துறைமுகக் கிரேன் மேல் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அதனால் அதில் மின்விசிறி கிடையாது. விசிறி வைத்தால் தூசியும் உப்புக் காற்றும் உள்ளே போய்விடும். உடம்பு முழுவதும் உலோகம். அதுவே சூட்டை வெளியேற்றும். பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடும். உறைபனியில் இருந்து கொதிக்கும் வெயில் வரை தாங்க வேண்டும். துணை மின் நிலையத்துக்குள் வைக்கும் தகவல் தொடர்புக் கருவிகள் எவ்வளவு வெப்பத்தையும், பக்கத்தில் பெரிய பிரேக்கர்கள் திறந்து மூடும்போது கிளம்பும் மின் அதிர்வுகளையும் தாங்க வேண்டும் என்று 2002, 2003 ஆண்டுகளில் சர்வதேசத் தரங்களே வந்தன.

ஆக, உடம்பு இரும்பு. ஆனால் உள்ளே ஓடுவது மென்பொருள். மனிதர் எழுதியது. அதில் பிழை இருக்கும்.

இந்தப் பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் பதிப்பு வரும்போது கூடவே ஒரு வெளியீட்டுக் குறிப்பும் வரும். புதிய வசதிகள் என்ன, எந்தப் பிழைகள் சரி செய்யப்பட்டன என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். கடைசியில் யாரும் படிக்காத ஒரு பகுதி இருக்கும்: 'தெரிந்த குறைபாடுகள்'. "இந்தப் பிரச்னை எங்களுக்குத் தெரியும், இன்னும் தீர்க்கவில்லை" என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. புதிய பதிப்பைப் போட்டபின் பழைய பதிப்புக்குத் திரும்பினால் அமைப்புகள் அழிந்துவிடும், இரண்டு குறிப்பிட்ட வசதிகளை ஒன்றாகப் பயன்படுத்த முடியாது என்ற மாதிரி சாதுவான வரிகள்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஒரு எளிய உதாரணம் பார்க்கலாம். வலைப்பின்னல் கருவிகள், தாம் இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணி வைத்திருக்கும். எண்ணுவதற்கு 32 பிட் இடம். அதில் அடங்கும் அதிகபட்ச எண் 429 கோடியே சொச்சம். கணக்குப் போட்டால் 497 நாட்களில் நிரம்பி, மீண்டும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். இந்த எண்ணை நம்பி வேறு ஏதாவது வேலை நடந்தால் 498-ஆம் நாள் வேடிக்கைதான்! (நம் பக்கத்து வீட்டு ரவுட்டர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 497 நாள் கரண்ட் கட் ஆகாமல் இருந்தால்தானே!) ஆனால் மின் நிலையத்தில் இருக்கும் ரவுட்டருக்குப் பேட்டரி உண்டு, அது வருடக் கணக்கில் நிற்காமல் ஓடும். இதே வகைப் பிழை விமானத்திலும் வந்தது. 'போயிங் 787' விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால் நின்றுவிடக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. 248 என்பது 497-ல் பாதி என்பதைக் கவனியுங்கள்.

முதல் ரவுட்டரும் முதல் பெரிய விபத்தும்

ரவுட்டர்களின் வரலாறு 1969-ல் அர்ப்பாநெட்டில் தொடங்குகிறது. இன்றைய இன்டர்நெட்டின் தாத்தா அது. அதில் வழி காட்டும் வேலையைச் செய்த கணினிக்கு 'இம்ப்' என்று பெயர். அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனம், 'ஹனிவெல் 516' என்ற கணினியை எடுத்து அதை உருவாக்கியது. அந்த முதல் ரவுட்டரே ராணுவத் தரத்தில் செய்த கனமான இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. மேலே கிரேன் கொக்கி மாட்டித் தூக்குவதற்கு வளையங்கள் கூட இருந்தன. அலுவலக ரவுட்டர் என்பதே பின்னால் வந்ததுதான் போலும்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ஒரு இம்ப்பின் மென்பொருள் கெட்டுவிட்டால், ஆள் போய்ச் சரி செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் இம்ப்பிடம் இருந்து வலைப்பின்னல் வழியாகவே அது மென்பொருளைக் கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளும். பாஸ்டன் பக்கத்தில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில் இருந்துகொண்டே நாடு முழுவதும் இருந்த இம்ப்புகளுக்குப் புதிய பதிப்பை அனுப்பினார்கள். தொலைவில் இருந்தே அப்டேட் செய்வது இன்றைய செல்போன் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல!

1980 அக்டோபர் 27 அன்று இந்த வலைப்பின்னல் முழுவதும் ஏறத்தாழ 4 மணி நேரம் முடங்கியது. யாரும் தாக்கவில்லை, கம்பி எதுவும் அறுபடவில்லை. காரணம் ஒரு பிட்.

ஒவ்வொரு இம்ப்பும் தன் நிலைமையை மற்றவற்றுக்கு அவ்வப்போது அறிவிக்கும். எது புதிய அறிவிப்பு என்று தெரிய, 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் போடும். 63 முடிந்தால் மீண்டும் 0. கடிகாரம் போல வட்டமான கணக்கு. முன்னோக்கி 32 இடத்துக்குள் இருக்கும் எண் புதியது என்பது விதி. அன்று ஒரு இம்ப்பின் நினைவகம் பழுதாகி, கடந்து போன அறிவிப்பில் இருந்து பிட்டுகளை நழுவ விட்டது. 44 என்ற எண்ணில் ஒரு பிட் விழுந்து 40 ஆனது. இன்னொரு பிட் விழுந்து 8 ஆனது. இப்போது மூன்று அறிவிப்புகள் வலைப்பின்னலில் சுற்றுகின்றன: 8, 40, 44. விதிப்படி பார்த்தால் 40 என்பது 8-ஐ விடப் புதியது. 44 என்பது 40-ஐ விடப் புதியது. ஆனால் வட்டத்தில் 44-ல் இருந்து 28 இடம் முன்னால் போனால் மறுபடி 8. அதாவது 8 என்பது 44-ஐ விடப் புதியது! ஒவ்வொரு இம்ப்பும் "இதோ புதிய அறிவிப்பு" என்று மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றுக்கொண்டு அண்டை வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது. வேறு எந்த வேலைக்கும் நேரமில்லை.

எரிக் ரோசன் என்ற பி.பி.என். பொறியாளர் இந்த நிகழ்வை விளக்கி எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கம்பியில் போகும்போது பிழை வந்தால் கண்டுபிடிக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் பொட்டலம் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. நினைவகத்தில் எப்போதாவது பிட் விழும் என்பது அக்காலப் பொறியாளர்கள் அறியாத விஷயமல்ல. தெரிந்த குறைதான். அது இப்படி மூன்று எண்களாகச் சேர்ந்து வந்து வட்டமடிக்கும் என்பதுதான் தெரியாது. கடைசியில், குறிப்பிட்ட அந்த இம்ப்பின் பெயரில் வரும் அறிவிப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு சின்ன 'பேட்ச்' எழுதி, இம்ப்புகளில் ஏற்றி மீட்டார்கள்.

1984-ல் சிஸ்கோ நிறுவனம் தொடங்கிய பின் ரவுட்டர் விற்பனைப் பொருளாயிற்று. வெளியீட்டுக் குறிப்புகளில் தீர்ந்தவை, தீராதவை என்று பிழைகளைப் பிரித்துப் பட்டியலிடும் வழக்கமும் இந்தக் காலத்தில் ஊன்றியது. 2003 ஜூலையில் சிஸ்கோ ரவுட்டர்களில் ஒரு பிழை வெளிவந்தது. சில அபூர்வ வகைப் பொட்டலங்கள் வந்தால் அவை உள்வரிசையை விட்டு நகராமல் அப்படியே தங்கிவிடும். வரிசையின் வழக்கமான அளவு 75. அது நிரம்பியதும் அந்த வாசல் அடைத்துக்கொள்ளும். ரவுட்டரை அணைத்துப் போட்டால்தான் சரியாகும். பெரிய இன்டர்நெட் நிறுவனங்கள் ராவோடு ராவாக அப்டேட் செய்து முடித்தன. இந்த 'ராவோடு ராவாக' என்பதுதான் தொழிற்சாலையில் நடக்காத காரியம்.

ஆலைக்குள் நுழைந்தபோது

ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகளில் புகழ்பெற்றது 'மாட்பஸ்'. மாடிகான் நிறுவனம் 1979-ல் வெளியிட்டது. அதில் கடவுச்சொல் கிடையாது. கட்டளை இடுவது யார் என்று கேட்கவும் கேட்காது. வால்வைத் திற என்றால் திறக்கும். ஒரே அறைக்குள் ஒரே கம்பியில் இருந்தவரை அதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் அம்மா கூப்பிட்டால் அடையாள அட்டையா கேட்கிறோம்? 1990-களில் இந்தக் கம்பிகளை ரவுட்டர்கள் மூலம் அலுவலக வலைப்பின்னலோடும், அதன் வழியே வெளி உலகத்தோடும் இணைத்தார்கள். மேலாளர் தன் மேசையில் இருந்தே உற்பத்தி அளவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான். அன்றிலிருந்து ஆலையின் தெரிந்த குறைகள் எல்லாம் ரவுட்டர் ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டன.

2003 ஜனவரி 25 அன்று 'ஸ்லாமர்' என்ற புழு உலகம் முழுவதும் பரவியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள்ளும் அது புகுந்தது. வாசலில் தடுப்புச் சுவர் இருந்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காகப் போட்டிருந்த தனி இணைப்பு அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை 4 மணி 50 நிமிடம் வேலை செய்யவில்லை. நல்ல வேளையாக உலை அப்போது பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்லாமர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே பேட்ச் வெளியிட்டிருந்தது. ஆறு மாதமாக மருந்து கையில் இருந்தது, சாப்பிடவில்லை.

சோம்பேறித்தனம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஐந்து ஆண்டு கழித்து நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2008 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தின் ஹாட்ச் அணுமின் நிலையத்தில், அலுவலக வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினிக்கு ஒரு பொறியாளர் ஒழுங்காக அப்டேட் போட்டார். கணினி மறுபடி துவங்கியபோது, கட்டுப்பாட்டு வலைப்பின்னலில் இருந்த எண்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. குளிரூட்டும் தண்ணீர் அளவு திடீரென்று குறைந்ததாகப் பாதுகாப்பு அமைப்பு புரிந்துகொண்டு உலையை நிறுத்தியது. 48 மணி நேரம் உற்பத்தி இல்லை. தாக்குதல் எதுவும் இல்லை, வெறும் அப்டேட்! இதற்கும் முன்பே, 1990 ஜனவரி 15 அன்று, அமெரிக்காவின் ஏ.டி.&டி. தொலைபேசி வலைப்பின்னல் 9 மணி நேரம் தடுமாறியதற்கும் முந்தைய மாதம் ஏற்றிய புதிய மென்பொருள்தான் காரணம்.

ஆகவே மின் நிலையப் பொறியாளர் அப்டேட்டைக் கண்டு தயங்கினால் அதில் அனுபவம் இருக்கிறது. அலுவலக ரவுட்டர் இரண்டு நிமிடம் நின்றால் மெயில் தாமதமாகும். ஆலையில் அந்த இரண்டு நிமிடம் கட்டுப்பாட்டு அறைக்குக் கண் தெரியாது. அதனால், மாதாந்திரப் பராமரிப்புக்காக "இன்றைய மின்தடை" என்று செய்தித்தாளில் ஊர்ப் பெயர்களைப் போடுவது போல, இங்கேயும் முன்கூட்டியே குறித்த நிறுத்தத்தில்தான் மென்பொருளைத் தொட முடியும். பெரிய டர்பைனின் பெரிய பராமரிப்பு வருடக் கணக்கில் ஒருமுறைதான் வரும். அதுவரை தெரிந்த குறை தெரிந்த குறையாகவே இருக்கும்.

இரும்புப் பெட்டியின் பின்கதவு

கனடாவின் ரக்கட்காம் நிறுவனம் இந்த வகை உறுதியான பெட்டிகளுக்குப் பெயர் பெற்றது. மின் நிலையங்கள், ரயில்வே, போக்குவரத்து விளக்குகள் என்று பல இடங்களில் அவை இருந்தன. ஜஸ்டின் கிளார்க் என்ற ஆய்வாளர், பழைய ரக்கட்காம் கருவிகளை 'இபே' தளத்தில் விலைக்கு வாங்கி வீட்டில் பிரித்துப் பார்த்தார். 'ஃபேக்டரி' என்ற பெயரில் ஒரு மறைமுகக் கணக்கு இருந்தது. உரிமையாளரால் அதை நீக்க முடியாது. அதன் கடவுச்சொல், அந்தக் கருவியின் 'மேக்' முகவரி எண்ணில் இருந்து ஒரு எளிய கணக்கில் கிடைத்துவிடும். வீட்டுப் பூட்டின் சாவி எண்ணை வாசல் கதவிலேயே எழுதி வைத்தது போல.

2011 ஏப்ரலில் அவர் நிறுவனத்திடம் சொன்னார். ஓராண்டு கழிந்தும் தீர்வு வராததால் 2012 ஏப்ரலில் உலகுக்கே அறிவித்தார். அதன்பின்தான் புதிய பதிப்பு வந்தது. அதற்குள் நிறுவனம் சீமென்ஸ் கைக்கு மாறியிருந்தது. தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தும் 'தெரிந்த குறைபாடுகள்' பட்டியலில் ஏறாத குறை இது. பட்டியலில் இருக்கும் குறையை விட இதுதான் பயங்கரம். காரணம், கருவியை வாங்கியவர் தன் வீட்டில் பின்கதவு இருப்பதையே அறியமாட்டார்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்குள் ஊடுருவியவர்கள், ஊழியர்களின் கண்முன்னே திரையில் பிரேக்கர்களைத் திறந்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. அதோடு விடவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும் துணை மின் நிலையத்துக்கும் நடுவே தகவலை மாற்றித் தரும் சின்னப் பெட்டிகளுக்குப் போலி ஃபெர்ம்வேரை அப்டேட் செய்தார்கள். ஆம், அப்டேட் வசதியையே ஆயுதமாக்கினார்கள்! அந்தப் பெட்டிகள் மீட்க முடியாதபடி செத்துப்போயின. அறையில் இருந்து கட்டளை அனுப்ப வழியில்லை. கடைசியில் ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின் நிலையங்களுக்கு நேரில் போய், கையால் பிரேக்கர்களை மூடி, சில மணி நேரத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். கையால் இயக்கும் பழைய பழக்கம் அவர்களுக்கு மறந்து போகாமல் இருந்தது பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில்

இந்தியாவுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை அல்ல. 2010-ல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' புழு ஈரானைக் குறி வைத்தது என்றாலும், சிமான்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி தொற்றுக்கு உள்ளான கணினிகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாம் இடம் இந்தியாவுக்கு.

2019-ல் கூடங்குளத்தின் முறை. செப்டம்பர் 4 அன்று அணுமின் கழகத்துக்கு 'செர்ட்-இன்' அமைப்பு தகவல் தந்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே கசிந்தபோது, கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இருப்பதால் தாக்குதலே சாத்தியமில்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, தீய மென்பொருள் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கணினியில் அது இருந்தது என்றும், உள் வலைப்பின்னல் தனியானது என்றும் விளக்கம் தந்தது. உலைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் முதல் நாள் மறுப்பும் இரண்டாம் நாள் ஒப்புதலும் மக்கள் மனதில் பதிந்துவிட்டன. வெளியீட்டுக் குறிப்பில் "தெரிந்த குறைபாடுகள்" என்று எழுதும் பழக்கம் மென்பொருள் நிறுவனங்களுக்கு இருக்கும் அளவு, மின் நிலையங்களின் செய்திக் குறிப்புகளுக்கு இல்லை.

2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம், மின் துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென ஒரு தலைமை அதிகாரியை நியமிக்க வேண்டும், உள்ளே வரும் கருவிகள் நம்பகமான இடத்தில் இருந்து வர வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. காலாவதியான பழைய கருவிகளைப் படிப்படியாக விலக்குவதற்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. போலகம் நிலையம் உற்பத்தியைத் தொடங்கி அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.